காலண்டர் மறைத்த சுவர்

ரத்தினசாமிக்கு அரை நிமிஷம் கிடைத்தது. நியாயமாகப் பார்த்தால் கொஞ்சம் கூடவே கிடைத்தது. அதற்குள் வாயைத் திறந்து, "நானும் தமிழ்தானுங்க" என்று சொல்லியிருந்தால் இந்தக் கதைக்கே வேலையில்லை. அவர் வாயைத் திறக்கவும் செய்தார். திறந்த வாயை அப்படியே மூடிக்கொண்டதுதான் பிரச்சினை.

அவருக்குச் சொந்த ஊர் கொள்ளேகால் பக்கத்தில் ராமாபுரம். ஐந்தாம் வகுப்பு வரை அங்கே தமிழில் படித்துவிட்டு, பதினாறு வயதில் மைசூருக்கு வந்து ஒரு தொழிற்சாலையில் எடுபிடியாகச் சேர்ந்தார். மெஷின்களோடு இருபத்தெட்டு வருஷம் மல்லுக்கட்டி இப்போது சூபர்வைசர். கன்னடம் அவருக்குத் தண்ணீர் பட்ட பாடு. எழுதத்தான் வராது, பேச்சில் யாரும் குறை கண்டுபிடிக்க முடியாது. ரத்தினசாமி என்ற பெயரைக் கொஞ்சம் சுருக்கி 'ரத்னஸ்வாமி' என்று சொன்னால் மைசூரில் ஒருவரும் திரும்பிப் பார்க்க மாட்டார்கள். தொண்ணூற்று ஒன்று டிசம்பரில், காவிரிக் கலவரம் நடந்த அந்த வாரத்தில், டவுன் பஸ்ஸில் நாலு பேர் சுற்றி நின்று பெயரைக் கேட்டபோது அவர் அப்படித்தான் சொன்னார். அது உயிருக்குப் பயந்து சொன்னது, அதை யாரும் தப்பு சொல்ல முடியாது. ஆனால் கலவரம் ஓய்ந்து, கடைகள் திறந்து, எல்லோரும் பழையபடி காய்கறி விலைக்காகச் சண்டை போட ஆரம்பித்த பிறகும் மனிதர் அந்தப் பெயரை விடவில்லை. மழை விட்ட பிறகும் குடையை மடக்காமல் நடக்கிறவர்கள் உண்டு அல்லவா, அந்த ரகம்.

இது நடந்தது தொண்ணூற்று நாலு மே மாதம். ரத்தினசாமி குடியிருந்தது ஏழு குடும்பங்கள் வரிசையாக இருக்கும் ஒரு வாடகைக் குடியிருப்பில். ஏழு குடும்பத்துக்கும் கக்கூஸ் இரண்டு. அவருடைய மனைவி சுலோசனாவுக்கு நகை ஆசை கிடையாது, புடவை ஆசை கிடையாது. "கையில வாளியோட வரிசையில நிக்காம ஒரு நாள் விடியணுமுங்க" என்பதுதான் இருபது வருஷமாக அவள் கேட்டுக்கொண்டிருந்தது. தொழிற்சாலைக் கூட்டுறவு சங்கத்தில் வீட்டுக் கடன் சாங்ஷன் ஆனதும் ரத்தினசாமி வீடு தேடத் தொடங்கினார். தனி வீடு கைக்கு எட்டவில்லை. பசவராஜ் என்ற புரோக்கர், "பழைய அபார்ட்மெண்ட் ஒன்று இருக்கிறது ஸ்வாமி, தேவராஜ மொஹல்லாவில், மார்க்கெட்டுக்கு நடந்தே போகலாம்" என்று கன்னடத்தில் சொல்லித் தன் ஸ்கூட்டரில் ஏற்றிக்கொண்டு போனார். பசவராஜுக்கு ரத்தினசாமி தமிழர் என்று தெரியாது. தெரியப்படுத்தினால்தானே தெரியும்.

பதினைந்து வருஷத்துக் கட்டடம். லிஃப்ட் கிடையாது. மூன்றாவது மாடி. கதவில் பெயர்ப் பலகை இருந்த இடத்தில் நாலு ஆணி ஓட்டை மட்டும் இருந்தது. கதவைத் திறந்த அம்மாளுக்கு நாற்பது வயதுக்குள் இருக்கும். பெயர் உமாதேவி என்று பசவராஜ் படி ஏறும்போதே சொல்லியிருந்தார்.

"நமஸ்கார, மேடம்" என்றார் ரத்தினசாமி, பழக்கத்தில்.

"பன்னி, கூத்கொள்ளி" என்றாள் உமாதேவி. வாங்க, உட்காருங்க என்கிற அந்த இரண்டு வார்த்தையிலேயே ரத்தினசாமிக்குத் தெரிந்துவிட்டது, இது இரவல் கன்னடம் என்று. ஹாலில் பழனி முருகன் படம். ஷோகேஸில் சேலத்துப் பாத்திரக்கடை பெயர் போட்ட பித்தளைக் குடம். அடடா, நம்மவர்கள் என்று அவருக்கு மனசு பொங்கித்தான் போயிற்று. சொல்லிவிடலாம் என்று வாயைத் திறந்தார்.

அப்போதுதான் உமாதேவி உள்ளே திரும்பி, பதினைந்து வயது மகளிடம், அவருக்குப் புரியாது என்ற தைரியத்தில், சாதாரணக் குரலிலேயே சொன்னாள்: "ஸ்ரீதேவி, அந்த ரூம்ல காலண்டர் நேரா தொங்குதான்னு பாரு. போன தடவ ஈரம் கீழால தெரிஞ்சுச்சு. அவரு அந்தப் பக்கம் வர்றதுக்குள்ள சரி பண்ணு."

ரத்தினசாமி வாயை மூடிக்கொண்டார். ஓஹோ, சங்கதி அப்படியா என்று ஒரு கோபம். கூடவே, புரியும் என்று இப்போதே காட்டிக்கொள்வானேன், சும்மா இருப்போம் என்று ஒரு கள்ளத்தனம். இரண்டில் எது பெரிது என்று கேட்டால் அவரால் அன்றும் சொல்லியிருக்க முடியாது.

வீட்டை ஒரு சுற்று சுற்றினார். குழாயைத் திறந்து பார்த்தார், ஜன்னல் கொண்டியை ஆட்டிப் பார்த்தார். பிறகு, ஏதோ தற்செயலாகப் போகிறவர் போல உள் அறைக்குப் போய், நேராகச் சுவரோரம் நின்று, மூக்கை ஒரு தடவை சுருக்கினார். பெரிய ஜவுளிக்கடைக் காலண்டர், வள்ளி தெய்வானையோடு முருகன். அதை இரண்டு கையாலும் பிடித்து ஆணியிலிருந்து கழற்றினார். பின்னால் சுவர் ஒரு பாய் அகலத்துக்குக் கறுத்து, சுண்ணாம்பு உப்பி, உதிர்ந்து நின்றது. மொட்டை மாடியிலிருந்து இறங்குகிற கசிவு.

பசவராஜ் அசந்துபோனார். "என்ன கண்ணு ஸ்வாமி உங்களுக்கு! இருபத்தெட்டு வருஷ அனுபவம் என்றால் சும்மாவா?" என்று கன்னடத்தில் புகழ்ந்துவிட்டு, உமாதேவி பக்கம் திரும்பி, இதை என்னிடம்கூடச் சொல்லவில்லையே மேடம் என்று குரலை உயர்த்தினார். உமாதேவியின் முகம் காது வரைக்கும் சிவந்தது. பதில் சொல்லக் கன்னடம் கைகொடுக்கவில்லை. மகளைப் பார்த்துத் தமிழில்தான் பேசினாள்.

"மறைக்காதேன்னு அப்பா சொன்னாருடி. நான்தான் கேக்கல. இப்ப மானமே போச்சு பாரு. இனி அவரு என்ன வெல கேட்டாலும் குடுத்துட்டுக் கெளம்ப வேண்டியதுதான். ஜூன்ல சேலத்துல ஸ்கூல் தொறந்துருவாங்க. அப்பா அங்க ஒத்தையா சோறு பொங்கித் தின்னுட்டு இருக்காரு."

ஒரு ஈரச் சுவருக்குப் பத்தாயிரம் குறைத்துக் கேட்பதுதான் உலக வழக்கம். ரத்தினசாமி மனதில் வைத்திருந்ததும் அதுதான். 'என்ன வெல கேட்டாலும்' என்பது காதில் விழுந்த பிறகு அவர் நாக்கு முப்பதாயிரம் என்றது. உமாதேவி சுவரையே பார்த்துக்கொண்டிருந்துவிட்டு, ஆகட்டும் என்று தலையசைத்தாள். மகள் காலண்டரை எடுத்து மடித்துக் கட்டிலுக்கு அடியில் வைத்தாள். அதை மறுபடி மாட்ட அவளுக்கு மனசு வரவில்லை.

ரத்தினசாமி வீட்டுக்கு வந்து சட்டையைக்கூடக் கழற்றாமல் சுலோசனாவிடம் எல்லாவற்றையும் நடித்துக் காட்டினார். மூக்கைச் சுருக்கினது, காலண்டரைக் கழற்றினது, பசவராஜ் வாயைப் பிளந்தது. சுலோசனாவும் முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தாள். சிரித்துக்கொண்டே இருந்தவள் பாதியில் நிறுத்தினாள்.

"ஏனுங்க, அந்தம்மா தமிழ்ல பேசறாங்கன்னு தெரிஞ்சுமா நீங்க வாயத் தொறக்காம இருந்தீங்க?"

"அவங்க ஏமாத்தப் பாத்தாங்கல்ல புள்ள?"

"அவங்க சொவத்த மறச்சாங்க. நீங்க உங்களையே மறச்சுப்போட்டீங்களே."

ரத்தினசாமி சட்டையைக் கழற்றி ஆணியில் மாட்டினார். மாட்டின சட்டை சரியாகத்தான் தொங்கிற்று. ஆனாலும் அதை இன்னொரு தடவை சரிசெய்தார். "அடுத்த தடவ போறப்ப சொல்லிப்போடறேன். சிரிச்சுக்கிட்டே சொன்னா அவங்களும் சிரிச்சுருவாங்க" என்றார் சுவரைப் பார்த்து.

அடுத்த தடவை என்பது அடுத்த ஞாயிற்றுக்கிழமை. முன்பணம் கொடுக்கிற நாள். வீட்டைப் பார்க்க வேண்டும் என்று சுலோசனாவும் வந்தாள். படியில் இரண்டாவது மாடித் திருப்பத்தில் நின்று மூச்சு வாங்கிக்கொண்டே ரத்தினசாமி சொன்னார்: "நீ ஒண்ணும் பேச வேண்டாம். நானே பக்குவமா ஆரம்பிக்கறேன்." சுலோசனா சரி என்றாள். புருஷன் பேச்சை நம்பினதுதான் அவள் செய்த தப்பு.

உள்ளே போனதும் உமாதேவி அவர்களை உட்கார வைத்துக் காபி கொண்டுவந்தாள். இவர் ஆரம்பிப்பார் ஆரம்பிப்பார் என்று சுலோசனா காத்திருந்தாள். இவரோ காபியை ஆற்றிக்கொண்டிருந்தார். ஆறிப்போன காபியை மேலும் ஆற்றினார். சுலோசனாவுக்குக் கன்னடத்தில் பேசவும் மனசு வரவில்லை, தமிழில் பேசவும் உத்தரவில்லை. டம்ளரைக் கையில் வைத்துக்கொண்டு தலையைக் குனிந்து உட்கார்ந்திருந்தாள்.

உமாதேவி மகளிடம் சொன்னாள்: "பாவம், அந்தம்மா ரொம்பக் கூச்ச சுபாவம் போல. நல்ல மொகம். சமையல்ரூம்ல அலமாரியெல்லாம் தொறந்து காட்டுடி, ஆசையா பாப்பாங்க. நம்ம வீடு நல்ல கைக்குத்தான் போவுது."

சுலோசனாவின் கண்ணில் தண்ணீர் முட்டிவிட்டது. காபி சூடு என்பது போல டம்ளரைக் கீழே வைத்தாள். அவளுக்கு அந்த வீட்டில் எதையும் பார்க்க வேண்டியிருக்கவில்லை.

அதோடு போயிருந்தால்கூடப் பரவாயில்லை. பசவராஜ் கொண்டுவந்திருந்த முன்பண ரசீதில் உமாதேவி தமிழில் கையெழுத்துப் போட்டாள். போட்டுவிட்டு, எனக்கு இப்படித்தான் வரும் என்று கன்னடத்தில் தட்டுத்தடுமாறிச் சொல்லி, சின்னப் பெண் மாதிரி வெட்கப்பட்டாள். ரத்தினசாமி, பரவாயில்லை என்று பெரிய மனது பண்ணித் தலையாட்டினார். பிறகு அவள் எழுந்து போய்ச் சமையலறை வாசலில் நின்று, மகளிடம் மெல்லக் கேட்டாள். மெல்ல என்றால் எவ்வளவு மெல்ல? சிறிய வீடு.

"ஸ்ரீதேவி, அவர்கிட்ட அந்தச் சொவத்துக்கு மன்னிப்புக் கேட்டுறணும்டி. நாளைக்கு அவங்க வந்து இங்க பால் காய்ச்சறப்ப என் பொய் அந்தச் சொவத்துல நிக்கக் கூடாது. கன்னடத்துல எப்படிச் சொல்றது?"

"தப்பாயித்து, க்ஷமிசின்னு சொல்லும்மா. தெரிஞ்சே மறச்சேன்னா, கொத்தித்தே முச்சிட்டெ."

"கொத்தித்தே... என்ன?"

"முச்சிட்டெ."

"முச்சிட்டெ. முச்சிட்டெ." அவள் இரண்டு தரம் வாய்க்குள் சொல்லிப் பார்த்துக்கொண்டாள். பரீட்சைக்குப் போகிற பிள்ளை படிக்கிற மாதிரி.

இதையெல்லாம் ரத்தினசாமி நாற்காலியில் உட்கார்ந்து கேட்டுக்கொண்டிருந்தார். இப்போது சொல்லு, இப்போதாவது சொல்லித் தொலை என்று உள்ளே ஒரு குரல் கத்தியது. முதல் நாளே சொல்லியிருந்தால் எல்லோரும் சிரித்திருப்பார்கள். இன்று சொன்னால், அன்றைக்கு நீ கேட்ட முப்பதாயிரம் எங்கிருந்து வந்தது என்று அவள் யோசிப்பாள். யோசித்தால் பிடித்துவிடுவாள். அவமானத்தில் அவருக்கு நாற்காலியைவிட்டு ஓடிவிடலாம் போல இருந்தது.

உமாதேவி வந்து எதிரில் நின்று, கைகளைச் சேர்த்துக்கொண்டு சொன்னாள்: "தப்பாயித்து. கொத்தித்தே... முச்சிட்டெ. க்ஷமிசி."

ரத்தினசாமி எழுந்து நின்றார். பளிச்சென்று, தேன் போலக் கன்னடத்தில், "பேஜார் மாட்கோபேடி" என்றார். வருத்தப்படாதீங்க என்று அர்த்தம். மன்னிக்க வந்துவிட்டார் மகானுபாவர்.

சுலோசனா அவரை ஒரு பார்வை பார்த்தாள். கல்யாணமாகி இருபத்தோரு வருஷத்தில் அப்படி ஒரு பார்வையை அவர் வாங்கினதில்லை. திரும்பி வந்து வீட்டு வாசலில் ஆட்டோவை விட்டு இறங்கும்போது, "அந்த வீட்ல நான் எந்த மொகத்த வச்சுக்கிட்டு அடுப்பு பத்த வெக்கட்டுமுங்க?" என்றாள்.

அவருக்கோ இன்னும் கொஞ்ச நாள்தானே, பத்திரம் பதிந்ததும் அவர்கள் சேலம் போய்விடுவார்கள், பிறகு யாருக்குத் தெரியப்போகிறது என்று ஒரு நப்பாசை இருந்தது. மனிதர் மெஷினுக்கு மெஷின் எங்கே தேயும் என்று கண்டுபிடிக்கிறவர். தன் விஷயத்தில் ஒரு சின்ன இடத்தைக் கோட்டை விட்டுவிட்டார். அவருக்கும் கையெழுத்துத் தமிழில்தான் வரும்.

இது அவருக்கு உறைத்தது பதிவுக்கு நாலு நாள் இருக்கும்போது. சங்கத்து குமாஸ்தா, விற்கிறவர் வாங்குகிறவர் இரண்டு பேரும் எல்லாப் பக்கத்திலும் கையெழுத்துப் போட வேண்டும் சார் என்றபோதுதான். ராமாபுரத்துப் பள்ளியில் பழகின கையெழுத்து. இருபத்தெட்டு வருஷமாகச் சம்பள ரிஜிஸ்டரில் அதைத்தான் போட்டிருக்கிறார். அடுத்த நாலு நாளும் ஷிஃப்டில் டீ நேரத்தில், யாரும் பார்க்காதபோது, பழைய வருகைச் சீட்டுகளின் பின்பக்கத்தில் கன்னடத்தில் பெயர் எழுதிப் பழகினார். பஸ் போர்டைப் பார்த்துப் பார்த்து எழுத்துக்கூட்டினார். நாலாம் நாள் ஓரளவு வந்தது. கோணலாக இருந்தாலும் வந்தது.

பதிவு அலுவலகத்தில் கூட்டம். பெஞ்சில் ஒரு கோடியில் உமாதேவியும் ஸ்ரீதேவியும். ஊருக்குக் கட்டின மூட்டை முடிச்செல்லாம் லாரியில் முன்னாலேயே போயாயிற்று. அவர்களும் சாயங்கால பஸ்ஸில் கிளம்புகிறார்கள் என்று பசவராஜ் சொன்னார். மறு கோடியில் சுலோசனா. உமாதேவி அவளைப் பார்த்துச் சிரித்தாள். சுலோசனா சிரிக்க முயன்று முடியாமல் செருப்பைப் பார்த்தாள்.

பெயர் கூப்பிட்டார்கள். மேஜைக்கு இந்தப் பக்கம் ரத்தினசாமி, பக்கத்தில் உமாதேவி. முதலில் வாங்குகிறவர் போடட்டும் என்றார் பத்திரம் எழுதுகிறவர். ரத்தினசாமி பேனாவை வாங்கினார். பழகின கன்னட எழுத்தை ஞாபகப்படுத்திக்கொண்டு பேனாவைக் காகிதத்தில் வைக்கும்போது, பின்னால் நின்ற சங்கத்து குமாஸ்தா எட்டிப் பார்த்தார்.

"சார், லோன் பேப்பரில் போட்ட அதே கையெழுத்து போடுங்கள். மாறினால் செக் கொடுக்க மாட்டேன், இன்னொரு நாள்தான் வர வேண்டும்" என்று கன்னடத்தில் சொன்னார். உதவியாகத்தான் சொன்னார். சொன்னதோடு நிற்காமல் லோன் பேப்பரையும் விரித்து மேஜையில் வைத்தார்.

உமாதேவியின் கண் அந்தப் பேப்பரில் விழுந்தது. 'அ. ரத்தினசாமி' என்று நாலு இடத்தில் முத்து முத்தான தமிழ்.

ரத்தினசாமி நிமிரவில்லை. நிமிர்ந்தால் பார்க்க வேண்டுமே. குனிந்தபடியே போட்டார். ஒன்பது பக்கம். ஒவ்வொரு பக்கத்திலும் தன் பெயரை, சின்ன வயதில் வாத்தியார் கையைப் பிடித்து எழுதவைத்த அதே எழுத்தில். மூன்றாவது பக்கத்தில், 'எனக்கு இப்படித்தான் வரும்' என்று அவள் வெட்கப்பட்டது நினைவுக்கு வந்தது. கடைசிப் பக்கத்தைப் போட்டுவிட்டுப் பேனாவை மேஜையில் வைத்தார். அவள் கையில் கொடுக்க அவருக்குத் துணிவில்லை.

உமாதேவி பேனாவை எடுத்தாள். ஒன்பது பக்கத்திலும், அவர் பெயருக்குக் கீழே தன் பெயரைத் தமிழில் எழுதினாள். அவசரப்படவில்லை. நடுவில் ஒரு தடவை மட்டும் எழுதுவதை நிறுத்திக் கண்ணை மூடிக்கொண்டாள். பேசினதையெல்லாம் ஒவ்வொன்றாக நினைத்துப் பார்க்கிறாள் என்று ரத்தினசாமிக்குப் புரிந்தது. காலண்டர். என்ன விலை கேட்டாலும். ஒத்தையாகச் சோறு பொங்கித் தின்கிறார். முச்சிட்டெ, முச்சிட்டெ. ஸ்ரீதேவி, "அம்மா..." என்று ஏதோ தொடங்கினாள். உமாதேவி மகளின் கையை அழுத்தி, வேண்டாம் என்று தலையசைத்தாள். அதற்குப் பிறகு அந்த அறையில் அவள் மகளிடம் ஒரு வார்த்தைகூடத் தமிழில் பேசவில்லை. காது இருக்கிற இடம் என்று தெரிந்துவிட்டதல்லவா.

வெளியே வேப்ப மரத்தடியில் பசவராஜ் இனிப்பு வாங்கப் போன சமயம். உமாதேவி பையிலிருந்து சாவிக் கொத்தை எடுத்தாள். சுலோசனா ஓடிப்போய் அவள் கையைப் பிடித்துக்கொண்டாள். "அம்மா, நான் அன்னைக்கே பேசியிருக்கோணும்... எனக்கு வாய் வரலீங்க" என்று அழுதுவிட்டாள். உமாதேவி கையை உதறவில்லை. சாவியை அந்தக் கைக்குள்ளேயே வைத்து விரல்களை மடக்கினாள்.

ரத்தினசாமி கிட்டே வந்தார். நாற்பத்து நாலு வயது, கீழே பதினெட்டு ஆட்கள் வேலை செய்கிற சூபர்வைசர், கைகளைச் சேர்த்துக்கொண்டு நின்றார். இரண்டரை வருஷத்துக்குப் பிறகு நடுத்தெருவில், நாலு பேர் காதில் விழும்படி அவர் தமிழில் பேசினார்.

"அம்மா, தப்பு பண்ணிப்போட்டேன். தெரிஞ்சே மறச்சுப்போட்டேன். அந்த முப்பதாயிரத்துல நியாயமில்லாததத் திருப்பிக் குடுத்துப்போடறேன். மன்னிச்சுருங்க."

உமாதேவி அவரைப் பார்த்தாள். முகத்தில் கோபம் இல்லை. அது இருந்திருந்தால் அவர் பிழைத்துப் போயிருப்பார். பக்கத்து வீட்டுக்காரர் யார், தண்ணீர் எத்தனை மணிக்கு வரும் என்று ஒரு தமிழ்ப் பெண் இன்னொரு தமிழ்க் குடும்பத்துக்குச் சொல்லிவிட்டுப் போக எவ்வளவோ இருந்திருக்கும். அவள் எதையும் சொல்லவில்லை. அவர் கொடுத்த தமிழை எடுத்துக்கொள்ளவும் இல்லை. தனக்கு வராத அந்தக் கன்னடத்தில், ஒவ்வொரு சொல்லாகத் தேடி எடுத்து, அவர் அன்று சொன்ன அதே குரலில் சொன்னாள்.

"பேஜார் மாட்கோபேடி."

பிறகு மகளைக் கூட்டிக்கொண்டு பஸ் நிலையம் போகிற ஆட்டோவில் ஏறினாள். ஆட்டோ திரும்புகிற வரைக்கும் ரத்தினசாமி அங்கேயே நின்றார். இனிப்புப் பொட்டலத்தோடு வந்த பசவராஜ், வீடு அமைந்த சந்தோஷத்தில் ஸ்வாமிக்குக் கண் கலங்கிவிட்டது என்று கன்னடத்தில் சொல்லிச் சிரித்தார். ரத்தினசாமி அவருக்கு எந்தப் பாஷையிலும் பதில் சொல்லவில்லை.